வன்னி வெக்கையில் நெடுந்தூர ஓட்டப் பயிற்சி: முழுமையான வழிகாட்டி

5000 மீற்றர், 10,000 மீற்றர், மரதன் என்று நெடுந்தூரம் ஓடுபவர்களுக்கான பயிற்சி அட்டவணைகளில் பெரும்பாலானவை குளிர் நாடுகளில் எழுதப்பட்டவை. அவற்றில் உள்ள வேகத்தையும் தூரத்தையும் அப்படியே எடுத்துக் கிளிநொச்சியிலோ மாங்குளத்திலோ சித்திரை மாதம் ஓடினால் இரண்டாம் கிழமையிலேயே உடம்பு விழுந்துவிடும். அட்டவணையைத் தூக்கி எறியத் தேவையில்லை. எதை, எவ்வளவு மாற்ற வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

சூடு எங்கிருந்து வருகிறது

ஓடும்போது உடம்பு எரிக்கும் சக்தியில் ஏறக்குறைய முக்கால் பங்கு வெப்பமாகவே வெளிவருகிறது. ஒரு கிலோமீற்றருக்கு, உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் சுமார் 1 கிலோகலோரி செலவாகும். 60 கிலோ நிறையுள்ளவர் 10 கிலோமீற்றர் ஓடினால் 600 கிலோகலோரி. அதில் 450 அளவு வெறும் சூடு. ஒரு லீற்றர் வியர்வை முழுதாக ஆவியானால் 580 கிலோகலோரி வெப்பத்தைக் கொண்டுபோகும். வெளிக்காற்று தோலைவிடக் குளிராக இல்லாத நாளில், அந்த 10 கிலோமீற்றரின் சூட்டை இறக்க முக்கால் லீற்றருக்குச் சற்று அதிகமான வியர்வை ஆவியாக வேண்டும்.

ஆவியாக வேண்டும் என்பதுதான் இங்கே முக்கியம். நாடியில் இருந்து சொட்டி நிலத்தில் விழுகிற வியர்வை உடம்பைக் குளிர்விப்பதில்லை; தண்ணீரும் உப்பும் போனதுதான் மிச்சம். காற்றில் ஈரப்பதன் கூடிய நாளில் நடப்பது இதுதான். தோலுக்கு இரத்தம் கூடுதலாகப் பாய வேண்டியிருப்பதால் கால் தசைக்குப் போகும் பங்கு நெருக்கடிப்படுகிறது. அதே வேகத்தில் ஓடினாலும் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 10 முதல் 20 வரை ஏறும். இதைத் தன் பலவீனம் என்று நினைத்து இன்னும் உந்தி ஓடுபவர்கள்தான் பெரும்பாலும் விழுகிறார்கள்.

வன்னியின் பருவங்களும் பயிற்சி ஆண்டும்

மார்கழி, தை, மாசி: வாடைக்காற்று வீசும் காலம். விடியப்புறம் ஆண்டிலேயே குளிரானது. கடும் வேகப் பயிற்சிகளையும் மிக நீண்ட ஓட்டங்களையும் இந்தக் காலத்தில் வையுங்கள். பாடசாலைகளின் இல்ல மெய்வல்லுநர் போட்டிகளும் அவற்றோடு வரும் மரதனும் பெரும்பாலும் ஆண்டின் முதல் மாதங்களில் நடப்பது ஓடுபவர்களுக்கு நல்லதே.

பங்குனி, சித்திரை: காற்று அசையாது. சித்திரை நடுப்பகுதியில் சூரியன் வன்னிக்கு நேர் உச்சியில் நிற்கும். வானிலை அவதான நிலையம் வெப்பச் சுட்டெண் எச்சரிக்கை விடும்போது வடக்கு மாகாணமும் அதில் அடிக்கடி இடம்பெறும் காலம் இது. புதிதாக எதையும் கூட்டாமல், இருக்கும் தகுதியைக் காத்துக்கொள்ளுங்கள்.

வைகாசி முதல் புரட்டாதி வரை சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று. நிலம் வரண்டு கிடக்கும், வெப்பம் கூட, ஆனால் காற்று உண்டு. வியர்வை உடனே காய்ந்துவிடுவதால் தான் வியர்க்கவில்லை என்ற எண்ணம் வரும். கறுப்பு ரீசேட்டில் வெள்ளைக் கோடு கோடாக உப்புப் படிந்திருப்பதைப் பார்த்தால் எவ்வளவு போயிருக்கிறது என்று தெரியும். இந்தப் பருவத்தில் ஆட்களை வீழ்த்துவது பெரும்பாலும் தெரியாமல் போகும் தண்ணீர்.

ஐப்பசி, கார்த்திகை: மழைக்கு முன்னும் இடையிலும் புழுக்கம். வெப்பமானி காட்டும் எண் குறைவாக இருக்கும், ஓட்டமோ சித்திரையைவிடக் கடினமாக இருக்கும். பின்னேரத்தில் இடி மின்னலும் சேரும். முதல் இடி காதில் கேட்டதுமே குளக்கட்டையும் வயல்வெளியையும் விட்டு இறங்கிக் கட்டடம் ஒன்றுக்குள் போங்கள். மரத்தடியில் ஒதுங்க வேண்டாம்.

விடியலா, பின்னேரமா

விடியற்காலை 5 மணிக்கு வெப்பம் 25 பாகை அளவில் இருக்கும், ஈரப்பதனோ 90 வீதத்தைத் தொடும். மத்தியானம் வெப்பம் 34ஐத் தாண்டும், ஈரப்பதன் 60 வீதமளவுக்கு இறங்கும். ஈரப்பதன் வீதத்தை மட்டும் பார்த்து மத்தியானம் நல்லது என்று முடிவு கட்டக்கூடாது. பார்க்க வேண்டியது பனிபடுநிலை, அதாவது காற்றில் உண்மையில் எவ்வளவு நீராவி இருக்கிறது என்பதைச் சொல்லும் வெப்பநிலை. கைத்தொலைபேசியின் வானிலைச் செயலிகள் பலவற்றில் இது உண்டு. வன்னியில் ஆண்டின் பெரும்பகுதி அது 23க்கும் 25க்கும் இடையில் நிற்கும். காலையா மாலையா என்பதால் பெரிதாக மாறாது. எனவே வெப்பமும் வெயிலும் குறைந்த நேரமே வெல்கிறது: வேகப் பயிற்சியும் நீண்ட ஓட்டமும் விடியலில். பின்னேரம் 5 மணிக்குப் பிறகு மெதுவான ஓட்டம் மட்டும். தார் வீதி பகல் முழுக்க வாங்கிய சூட்டை அப்போதுதான் விட்டுக்கொண்டிருக்கும், ஆகவே பின்னேரத்துக்குக் கிரவல் வீதியைத் தேர்ந்தெடுங்கள்.

வேகத்தைத் திருத்தும் கணக்கு

வெப்பநிலையையும் பனிபடுநிலையையும் செல்சியஸில் கூட்டுங்கள். இது பயிற்றுநர்கள் கையாளும் பட்டறிவுக் கணக்கு, ஆய்வுகூட விதி இல்லை. ஆனாலும் களத்தில் நன்றாகவே உதவுகிறது.

கூட்டுத்தொகை 48 முதல் 53 வரை என்றால் வழமையான வேகத்தை 4.5 முதல் 6 வீதம் குறையுங்கள். 53 முதல் 59 வரை என்றால் 6 முதல் 8 வீதம். 59க்கு மேலே போனால் வேகப் பயிற்சியைக் கைவிட்டு மெதுவாக ஓடுங்கள், அல்லது ஓய்வெடுங்கள்.

உதாரணமாக, விடியலில் 26 பாகை, பனிபடுநிலை 24: கூட்டினால் 50. குளிரான நாளில் கிலோமீற்றருக்கு 5 நிமிடம் ஓடுபவர் 300 செக்கனோடு 5 வீதமான 15 செக்கனைச் சேர்த்து 5 நிமிடம் 15 செக்கனில் ஓட வேண்டும். அதே ஆள் பின்னேரம் 31 பாகையில் ஓடினால் கூட்டுத்தொகை 55. 7 வீதமான 21 செக்கன் சேரும். வெக்கைக்குப் பழகாதவர் இந்தத் திருத்தத்தை இரட்டிப்பாக்க வேண்டும். நேரடி வெயில் இந்தக் கணக்கில் இல்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

மணிக்கூடு இல்லாதவர்களுக்குப் பேச்சே அளவுகோல். மெதுவான ஓட்டத்தில் முழு வசனமாகப் பேச முடிய வேண்டும். நான்கு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் அது மெதுவான ஓட்டமாக இல்லை, மணிக்கூடு என்ன காட்டினாலும் சரி.

பதினான்கு நாளில் உடம்பைப் பழக்குவது

பரீட்சைக்காக ஓட்டத்தை நிறுத்தியவர்கள், நுவரெலியா போன்ற குளிரான இடங்களில் படித்துவிட்டு வீடு திரும்பியவர்கள், கனடாவில் இருந்தோ ஐரோப்பாவில் இருந்தோ விடுமுறைக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் இது கட்டாயம். ஊரிலேயே இருந்தாலும் குளிரூட்டிய அலுவலகத்தில் பகலைக் கழிப்பவர் பழக்கப்பட்டவராகக் கணக்கில்லை.

1ஆம் நாள் முதல் 3ஆம் நாள் வரை: பின்னேரம் 5 மணிக்கு 30 நிமிடம். 8 நிமிடம் மெதுவாக ஓடி 2 நிமிடம் நடங்கள். சுலபமாக இருந்தாலும் கூட்ட வேண்டாம்.

4 முதல் 7 வரை: 45 நிமிடம் தொடர்ச்சியான மெதுவான ஓட்டம். இந்த நாட்களில்தான் இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது. அதே ஓட்டத்துக்கு நாடித்துடிப்பு இறங்கத் தொடங்குவதைக் கவனிக்கலாம்.

8 முதல் 11 வரை: 60 நிமிடம். இப்போது வியர்வை முன்னதாகவே தொடங்கும், அளவும் கூடும், ஒரு லீற்றர் வியர்வையில் போகும் உப்போ குறையும். வியர்வை கூடிவிட்டதே என்று பயப்பட வேண்டாம், பழக்கம் ஏறுவதன் அடையாளம் அதுதான். தண்ணீரைக் கூட்டுங்கள்.

12 முதல் 14 வரை: 60 நிமிடத்துக்குள் 3 நிமிட மிதமான வேக ஓட்டம் நான்கு, ஒவ்வொன்றுக்கும் இடையில் 2 நிமிடம் நடை.

இந்த இரண்டு கிழமையில் ஒரு நாள் விட்டால் பரவாயில்லை, இரண்டு நாள் தொடர்ந்து விடக்கூடாது. பெற்ற பழக்கம் ஓடாமலிருந்தால் இரண்டு முதல் நான்கு கிழமைக்குள் பெரும்பாலும் போய்விடும். ஐந்து நாளுக்கு ஒருமுறையாவது வெக்கையில் ஓடினால் தங்கும். காய்ச்சலுக்குப் பிறகு, குறிப்பாக டெங்குவுக்குப் பிறகு, மருத்துவர் சரி என்று சொன்ன பின்னரே முதல் நாளில் இருந்து தொடங்குங்கள்.

பயிற்சிகளை உடைப்பது

தசைக்கு வேலை கொடுத்துக்கொண்டே உடம்புச் சூட்டை ஏறவிடாமல் வைத்திருக்க வேண்டும். அதற்குத் துண்டுகளைச் சிறிதாக்கி ஓய்வை நீட்டுவதே வழி.

1000 மீற்றர் 6 தடவை என்றிருந்தால் 600 மீற்றர் 10 தடவையாக்குங்கள்; ஓய்வு 2 நிமிடத்துக்குப் பதில் 3 நிமிடம், நிழலில் நடந்தபடி. 25 நிமிடத் தொடர் வேக ஓட்டத்தை 8 நிமிடமாக மூன்று துண்டாக்கி, நடுவில் 2 நிமிடம் நடந்து தண்ணீர் குடியுங்கள். கடைசித் துண்டின் நேரம் முதல் துண்டைவிட 5 வீதத்துக்கு மேல் பிந்தினால் அத்தோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் ஓடுவதில் பயிற்சிப் பலன் இல்லை, களைப்பு மட்டுமே சேரும்.

நீண்ட ஓட்டத்தைக் கிலோமீற்றரில் எழுதாமல் நேரத்தில் எழுதுங்கள். குளிர்காலத்தில் 24 கிலோமீற்றர் ஓட 2 மணி 20 நிமிடம் எடுத்தவர் சித்திரையில் அதே நேரம் ஓடினாலே போதும், தூரம் 22 ஆகக் குறைந்தாலும் இதயம் செய்த வேலை ஏறக்குறைய ஒன்றே.

சோளகத்தில் திசையும் முக்கியம். முதலில் எதிர்காற்று, திரும்பும்போது முதுகுக்காற்று என்பது குளிர் நாட்டு அறிவுரை. இங்கே அதைத் தலைகீழாக்குங்கள். காற்று முதுகில் உங்கள் வேகத்திலேயே வந்தால் உடம்பைச் சுற்றிய காற்று அசையாது, வியர்வை ஆறாது. பரந்தனில் இருந்து முல்லைத்தீவு வீதியில் கிழக்கே போகிறவருக்குச் சோளகம் பின்பக்கமிருந்து வரும். விடியலின் குளிர்ச்சியில் அது தாங்கும். வெயில் ஏறிய பிறகு திரும்பும்போது அதே காற்று முகத்தில் அடித்து ஆற்றிக்கொண்டிருக்கும். வேகம் குறையும், குறையட்டும்.

தண்ணீரும் உப்பும்

"தண்ணி குடிச்சால் ஓட ஏலாது" என்று பிள்ளைகளைத் தடுக்கும் பழக்கம் இன்னும் சில மைதானங்களில் இருக்கிறது. அது தவறு, ஆபத்தும்கூட. ஒரேயடியாக அரை லீற்றரை விழுங்கினால் வயிறு குலுங்கும் என்பது உண்மை. 15 நிமிடத்துக்கு ஒருமுறை 100 முதல் 150 மில்லிலீற்றர் குடித்தால் குலுங்காது.

முதலில் உங்கள் வியர்வை அளவைக் கண்டுபிடியுங்கள். சிறுநீர் கழித்துவிட்டு, மிகக் குறைந்த உடுப்போடு நிறை பாருங்கள். வழமையான வேகத்தில் 60 நிமிடம் ஓடுங்கள். குடித்ததை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். திரும்பியதும் துவாயால் நன்றாகத் துடைத்துவிட்டு, ஈர உடுப்பைக் கழற்றி, மீண்டும் நிறை பாருங்கள். முன்னர் 58.4, பின்னர் 57.3, குடித்தது 300 மில்லிலீற்றர் என்றால் வியர்வை மணிக்கு 1.4 லீற்றர். சோளகத்தில் ஒருமுறையும் ஐப்பசியில் ஒருமுறையும் இதைச் செய்யுங்கள், இரண்டு எண்ணும் ஒன்றாக இராது.

போனதை முழுவதும் ஓடும்போதே நிரப்ப வயிற்றால் முடியாது. நிறையிழப்பு 2 வீதத்தைத் தாண்டாமல் பார்த்தால் போதும். 60 கிலோ ஆளுக்கு அது 1.2 கிலோ. எழும்பியதும் 300 முதல் 400 மில்லிலீற்றர். ஒரு மணித்தியாலத்துக்கு மேற்பட்ட ஓட்டத்தில் மணிக்கு 400 முதல் 800 வரை. ஓடி முடித்த பின் இழந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றரை லீற்றர், சில மணித்தியாலங்களில், சாப்பாட்டோடு சேர்த்து. ஓடிய பின் நிறை கூடியிருந்தால் மிதமிஞ்சிக் குடித்திருக்கிறீர்கள். மெதுவாக நெடுநேரம் ஓடியபடி வெறும் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருப்பவர்களுக்கு இரத்தத்தில் சோடியம் குறைந்து தலையிடி, சத்தி, குழப்பம், வலிப்பு வரை போகலாம்.

வீட்டுப் பானம்: கொதித்தாறிய நீர் 1 லீற்றர், சீனி 3 மேசைக்கரண்டி மட்டமாக, உப்பு கால் தேக்கரண்டி, ஒரு தேசிக்காயின் சாறு. ஆனையிறவு உப்புக் கல்லுப்பாக இருந்தால் பொடித்த பிறகே அளவுங்கள். கல்லாக அளந்தால் அளவு பிழைக்கும். உப்புக் கூடினால் வயிற்றைப் பிரட்டும். சீனி கூடினால் நீர் குடலிலேயே தங்கி வயிறு ஓடும். ஜீவனி என்ற உப்பு-சீனிக் கரைசல் தூள் வயிற்றோட்டத்துக்கானது, சோடியம் கூடியது. ஓடி முடித்த பின் கடும் இழப்பு உள்ள நாளில் பக்கெற்றில் உள்ள அளவு நீரில் கரைத்துக் குடிக்கலாம். பாதி நீரில் தடிப்பாகக் கரைக்கக் கூடாது.

இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. வியர்வையில் போவதோ சோடியம். இளநீர் குடித்தால் ஒரு சிட்டிகை உப்புச் சேருங்கள். ஓடிவிட்டு வந்து உப்புப் போட்ட மோரும் பழஞ்சோறும் சாப்பிடுவது கடையில் வாங்கும் எந்த விளையாட்டுப் பானத்துக்கும் குறைந்ததில்லை. வத்தகைப்பழம் விளையும் காலத்தில் அதையும் உப்புத் தொட்டுச் சாப்பிடுங்கள்.

ஒரு விடயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களின் சில பகுதிகளில் காரணம் முழுமையாகத் துலங்காத நாட்பட்ட சிறுநீரக நோய் இருக்கிறது. வெப்பத்தில் உழைத்து மீண்டும் மீண்டும் நீரிழப்பதும் அதற்கு ஒரு காரணியாகச் சந்தேகிக்கப்படுகிறது. ஆகவே டைக்ளோபெனக், ஐபுபுரோபன் போன்ற வலி மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு வெக்கையில் ஓடவே கூடாது. நீர் வற்றிய சிறுநீரகத்துக்கு அவை இரட்டை அடி. சிறுநீர் பிளேன்ரீ நிறத்தில் போனால் அன்றைய பயிற்சியை நிறுத்துங்கள். நீர் குடித்தும் மறுநாள் மாறாவிட்டால் வைத்தியசாலைக்குப் போங்கள்.

உடுப்பு

வெளிர் நிற, மெல்லிய, தளர்ந்த பொலியெஸ்டர். தடித்த பருத்தி நனைந்தால் பாரமாகி உடம்போடு ஒட்டும். முழுக்கை, நீளக் காற்சட்டை அணிந்து ஓடும் பெண்பிள்ளைகள் துணியை இன்னும் மெல்லியதாகவும் ஒரு அளவு பெரிதாகவும் எடுக்கலாம். தொடை, அக்குள் உரசும் இடங்களில் வாசலின் பூசுங்கள், தேங்காயெண்ணெய் அரை மணித்தியாலத்தில் கழுவுப்பட்டுவிடும். நீண்ட ஓட்டத்துக்கு மாற்றுக் காலுறை ஒன்று வைத்திருங்கள்; புழுக்க நாளில் சப்பாத்துக்குள் வியர்வை தேங்கி, பாதம் ஊறிக் கொப்பளிக்கும்.

எங்கே ஓடுவது

குளக்கட்டுகள் நல்ல இடம். இரணைமடுவிலோ வவுனிக்குளத்திலோ கட்டின் மேல் காற்றுக் குறைவதில்லை. நிழல் மட்டும் இல்லை, எனவே 7 மணிக்கு முன்னர் முடித்துவிடுங்கள். 2 கிலோமீற்றர் துண்டில் போய்வந்து, ஒரு முனையில் போத்தல்களை ஈரச் சாக்கில் சுற்றி வையுங்கள். ஆவியாதலால் நீர் குளிர்ந்திருக்கும்.

ஏ9 வீதியில் 4.45க்கே தொடங்கலாம், ஒளி தெறிக்கும் பட்டியும் சிறு மின்சூளும் கட்டாயம், எதிரே வரும் வாகனம் முகத்துக்கு நேரே தெரியும் பக்கமாக ஓடுங்கள். மாங்குளத்தில் இருந்து ஒட்டுசுட்டான் ஊடாகப் போகும் வீதியிலும் நெடுங்கேணிப் பக்கத்திலும் இந்த அறிவுரை செல்லாது. யானை கடக்கும் காட்டோர வீதிகளில் இருட்டில் ஓடக் கூடாது. நிலம் வெளுத்த பிறகு, தனியாக இல்லாமல் தொடங்கி, ஓட்டத்தை 50 நிமிடத்துக்குள் சுருக்குங்கள். வீதியில் ஈர லத்தியோ புதிதாக முறிந்த கிளையோ கிடந்தால் திரும்பிவிடுங்கள். நிழலைத் தேடிக் காட்டுக்குள் குறுக்குவழி எடுப்பதும் வேண்டாம். மிதிவெடி அபாயப் பலகையுள்ள இடங்கள் வன்னியில் இன்னும் முற்றாகத் தீரவில்லை. ஆட்கள் நாளாந்தம் நடக்கும் பாதையை விட்டு விலகாதீர்கள்.

உடம்பு எச்சரிக்கும்போது

கெண்டைக்கால் பிடிப்பு: நிறுத்தி, இழுத்து நீட்டி, உப்புச் சேர்ந்த பானம் குடியுங்கள். அன்றைக்கு வேகப் பயிற்சி முடிந்தது.

தலைச்சுற்று, சத்தி, வெளிறிய ஈரத் தோல், மிகுந்த களைப்பு: நிழலில் கிடத்திக் காலை உயர்த்தி, உடுப்பைத் தளர்த்தி, நீர் ஊற்றி விசிறுங்கள். தெளிவாக இருந்தால் சிறிது சிறிதாகக் குடிக்கக் கொடுக்கலாம். அரை மணித்தியாலத்தில் தேறாவிட்டால் வைத்தியசாலை.

தள்ளாட்டம், உளறல், காரணமில்லாத கோபம், இடம் நேரம் தெரியாமை, மயக்கம்: இது வெப்பத்தாக்கு. உடம்பின் உட்சூடு 40 பாகையைத் தாண்டியிருக்கும். தோல் காய்ந்திருக்க வேண்டும் என்று காத்திருக்காதீர்கள், ஓடுபவருக்கு வெப்பத்தாக்கு வரும்போதும் வியர்வை கொட்டிக்கொண்டேயிருக்கும். 1990க்கு அழைத்துச் சுவசெரிய அம்புலன்ஸை வரச் சொல்லுங்கள். அது வரும்வரை குளிர்விப்பதை நிறுத்த வேண்டாம். ஐஸ் தண்ணீர் நிறைந்த தொட்டியில் கழுத்துவரை அமர்த்துவதே மிகச் சிறந்தது. மரதன் நடத்தும் பாடசாலைகள் முடிவிடத்தில் இப்படி ஒரு தொட்டியும் ஐஸும் வைத்திருக்க வேண்டும். அது இல்லாத இடத்தில் கிணற்று நீரை வாளி வாளியாகத் தலை முதல் கால் வரை இடைவிடாமல் ஊற்றி, இருவர் துவாயால் வீசுங்கள். கிணற்று நீர் ஐஸ் அளவு குளிர் இல்லை, ஆனால் உடம்பைவிடப் பத்துப் பாகைக்கு மேல் குளிரானது. தொடர்ந்து ஊற்றினால் சூட்டை இறக்கும். நனைந்த துவாயால் போர்த்தி அப்படியே விட்டுவிட்டால் அதுவே சூட்டை உள்ளே அடைக்கும். மயக்கத்தில் இருப்பவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். பரசிற்றமோலும் வேண்டாம், இது காய்ச்சல் இல்லை, அதற்கு இறங்காது.

வெப்பத்தாக்கில் இருந்து மீண்டவர் குறைந்தது 7 நாள் எந்தப் பயிற்சியும் செய்யக் கூடாது. மருத்துவர் இரத்தப் பரிசோதனை பார்த்து அனுமதித்த பின், முதலில் விடியலின் குளிரில் 15 நிமிட நடை-ஓட்டம். அது ஒரு கிழமை சிரமமின்றிப் போனால் மேலே சொன்ன 14 நாள் ஒழுங்கை முதல் நாளில் இருந்து தொடங்கலாம், இம்முறை பக்கத்தில் ஒருவர் கூட ஓட.